நண்பன் துப்பாக்கியில் ஒரே ஓட்டை, என் துப்பாக்கியில் சல்லடை: செமி ஆட்டோவுக்கு ரீலோடிங்

கேள்வி, 4 பிப்ரவரி 2023

அண்ணே, தென்னாப்பிரிக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். .223 அளவுத் தோட்டா சுடும் செமி ஆட்டோ ரைபிள் (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்), பேரலின் உள்வரிகள் எட்டு இஞ்சுக்கு ஒரு சுற்று. நண்பன் தன் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்கு 69 கிரெய்ன் (சுமார் நாலரை கிராம்) புல்லட்டில் வீட்டிலேயே தோட்டா கட்ட (ரீலோடிங்) ஒரு பக்குவம் வைத்திருக்கிறான், 100 மீட்டரில் எல்லாக் குண்டையும் 15 மில்லிமீட்டருக்குள் போடுகிறான். அதே கேஸ் (பித்தளைக் கூடு), அதே வெடிமருந்து, அதே எடை. என் துப்பாக்கியில் 55 மில்லிமீட்டர். போதாததற்கு இருபதில் இரண்டு தோட்டா உள்ளே போகவே இல்லை, தோட்டாவைத் தள்ளி மூடும் போல்ட் பாதியில் நின்றுவிட்டது. பேரல் மோசமா? மாற்றிவிடவா?

4 பிப்ரவரி, இரவு

பேரல்மேல் கையை வைக்காதே தம்பி. இரண்டு தோட்டா உள்ளே போகவில்லை என்று போகிற போக்கில் சொன்னாய் பார், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

உன் நண்பன் கேஸின் கழுத்தை மட்டும் சுருக்குகிறான், சரியா? போல்ட் ஆக்‌ஷன்காரர்கள் பலர் அப்படித்தான் செய்வார்கள். அவன் துப்பாக்கியின் அறையில் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) வெடித்து அந்த அறையின் வடிவத்துக்கே விரிந்த கேஸ் அது. கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் கை பலத்தில் போல்ட்டை அமுக்கி மூடிவிடுவான். உன் துப்பாக்கியில் கை எங்கே இருக்கிறது? ஒரு ஸ்பிரிங்தான் மூடுகிறது. செமி ஆட்டோவுக்கு எப்போதும் கேஸ் முழுவதையும் டையில் (சுருக்கும் அச்சில்) சுருக்க வேண்டும், கழுத்துக்குக் கீழே சரியும் தோளைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பின்னால் தள்ள வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் கேஸ் நாலைந்து தடவையிலேயே அடிப்பக்கம் மெலிந்து பிளக்கும். கேஸின் அளவு சரியா என்று பார்க்க ஒரு கேஸ் கேஜ் வாங்கு.

இரண்டாவது, நீளம். நண்பன் ஒவ்வொன்றாகக் கையால் போடுகிறான், புல்லட்டை வெளியே நீட்டி வைத்து பேரலின் வரிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம். உனக்கு மாகஸின் இருக்கிறது. .223க்கு மொத்த நீளம் 57.4 மில்லிமீட்டர், அதற்குமேல் நீட்டினால் மாகஸினில் உரசும். ஆக அவன் ரெசிபியின் பாதி உனக்குப் பொருந்தவே பொருந்தாது.

பழைய தோட்டா ஒன்றை வீட்டிலேயே மாகஸினில் போட்டு ஏற்றி, எடுத்து, நீளத்தை அளந்து பார். நாளை தைப்பூசம். தெருவே காவடிக்குக் கிளம்புகிறது, நானும் தோட்டா கட்டும் பிரஸ்ஸைத் தொட மாட்டேன். மீதி அப்புறம்.

6 பிப்ரவரி, காலை

மேலே கடைசிப் பத்தியில் எழுதியதை யாரும் செய்யாதீர்கள். தூக்கத்தில் எழுதிவிட்டேன்.

உயிருள்ள தோட்டாவை வீட்டில் அறைக்குள் ஏற்றக் கூடாது. இந்த வகைத் துப்பாக்கியில் ஃபயரிங் பின்னைப் பிடித்துவைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் முன்னால் போய் நிற்கும்போது அந்தப் பின் தன் வேகத்தில் பிரைமரை (கேஸின் அடியில் உள்ள, தட்டினால் பற்றும் சிறு கிண்ணம்) லேசாகத் தொட்டுவிட்டு வரும். ஏற்றி எடுத்த தோட்டாவின் பிரைமரைக் கண்ணாடி போட்டுப் பாருங்கள், குண்டூசியால் தொட்ட மாதிரி ஒரு புள்ளி இருக்கும். பொதுவாக ஒன்றும் ஆகாது. பிரைமர் கொஞ்சம் மேலே துருத்திக்கொண்டு இருந்தாலோ, மெல்லிய கிண்ணம் கொண்ட வகையாக இருந்தாலோ, டிரிகரைத் தொடாமலே வெடிக்கலாம். அதனால்தான் செமி ஆட்டோவுக்குக் கெட்டியான பிரைமர் தேடுகிறோம், கேஸின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கும்படி வைக்கிறோம். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்ப்பேன், துருத்தல் இருந்தால் விரல் சொல்லிவிடும்.

நீளம் பார்க்க, மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மி ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் மேலாக மார்க்கர் பேனாவால் எழுதியும் வையுங்கள். உயிருள்ளதை ஏற்றிப் பார்க்க வேண்டுமானால் ரேஞ்சில், குழாய் மண்மேட்டைப் பார்த்தபடி.

தம்பி, இன்னொன்று. நண்பன் தன் பிரஸ்ஸில் உனக்கும் தோட்டா செய்து தருகிறான் என்று நீ சொல்லவில்லை, ஆனால் எனக்கு அப்படிப் பட்டது. இந்த ஊர்த் துப்பாக்கிச் சட்டம் 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டம், நம் லைசன்ஸில் உள்ள துப்பாக்கிக்குத்தான் நாம் தோட்டா செய்துகொள்ளலாம். நண்பன் செய்து கொடுப்பது நட்பு, ஆனால் போலீஸ் அதை நட்பு என்று எழுதாது. நீயே செய்.

6 பிப்ரவரி, மதியம்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார், இதெல்லாம் இங்கே சட்டப்படி சரிதானா, 200 தோட்டாவுக்குமேல் வைக்கக் கூடாது என்கிறார்களே என்று. சரியேதான் அக்கா. சாதாரண லைசன்ஸ்காரருக்கு ஒரு துப்பாக்கிக்கு 200. பதிவு பெற்ற ஸ்போர்ட் ஷூட்டர், வேட்டைக்காரர் என்ற அந்தஸ்து உள்ளவர்களுக்கு அந்த வரம்பு இல்லை, செமி ஆட்டோ ரைபிள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் கைக்கு வரும். 2021இல் வந்த திருத்த மசோதா வரைவில் ரீலோடிங்கையே தடை செய்யப் பார்த்தார்கள், ஆட்சேபங்கள் குவிந்தன. அந்த வருஷம் ரேஞ்சில் யாரும் குரூப் (குண்டுகள் சிதறும் அளவு) பற்றிப் பேசவே இல்லை, எல்லாரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

12 பிப்ரவரி

நேற்று மிட்லண்ட்ஸ் பக்கம் ரேஞ்சுக்குப் போனேன். தம்பிக்கு வாயால் சொன்னால் போதாது என்று நானும் என் .223ஐ எடுத்துப் போனேன். 100 மீட்டர், மூன்று குண்டு, 14 மில்லிமீட்டர். செமி ஆட்டோவில்! வெர்னியர் அளவுகோலை அட்டைமேல் வைத்துப் படமும் எடுத்தேன். இனி யாராவது செமி ஆட்டோ துல்லியமாகச் சுடாது என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

12 பிப்ரவரி, அரை மணி கழித்து

"பத்து சுட்டுவிட்டு வந்து பேசுங்கள்" என்று ஒருவர். சரி ஐயா, சுடுகிறேன்.

20 பிப்ரவரி

சுட்டேன். பத்து குண்டு, 41 மில்லிமீட்டர்.

ஒரு வாரமாக இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன், அதுவும் உண்மை. அதே தோட்டா, அதே பெட்டி, அதே காலைக் காற்று. பத்தில் எந்த மூன்று அடுத்தடுத்து விழுந்தன என்று தேடினால் 14 மில்லிமீட்டர் மூன்று அங்கேயும் இருக்கிறது, 30 மில்லிமீட்டர் மூன்றும் இருக்கிறது. மூன்றை மட்டும் சுட்டுவிட்டு ரெசிபியைத் தேர்வது மூன்று நாள் மழையைப் பார்த்துவிட்டு வருஷப் பஞ்சாங்கம் எழுதுவதுதான். நான் கடந்த ஆண்டு முழுவதும் மருந்தை 0.2 கிரெய்ன் கூட்டி, குறைத்து, மூன்று மூன்றாகச் சுட்டு, "இதுதான் சிறந்தது" என்று நோட்டில் சிவப்பு மையில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கட்டங்கள் எல்லாமே குருட்டு அதிர்ஷ்டம். கட்டத்துக்குள் இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் வித்தியாசமே இல்லை.

100 மீட்டரில் ஒரு நிமிடக் கோணம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) 29 மில்லிமீட்டர். ஆக நான் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறேன். மோசம் இல்லை. ஆனால் பீற்றிக்கொண்டது மோசம்.

படத்தை எடுத்துவிட வேண்டாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

21 பிப்ரவரி

தம்பி எழுதியிருக்கிறான்: கேஸ் முழுவதும் சுருக்கியபின் இருபதும் உள்ளே போயின, ஆனால் பத்து குண்டில் 48. நல்லது, முதலில் ஓடுகிற தோட்டா, அப்புறம்தான் துல்லியமான தோட்டா. ஓடாத தோட்டாவின் குரூப்பை அளந்து என்ன செய்வது?

12 மார்ச்

41க்குக் காரணம் தேடினேன், ஒன்று அகப்பட்டது.

ரேஞ்சில் ஐந்து தோட்டாவை மாகஸினிலிருந்து ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்தேன். வீட்டில் ஒவ்வொன்றையும் அளந்து எண் போட்டிருந்தேன், திரும்ப அளந்தேன். இரண்டு அப்படியே இருந்தன. ஒன்று 0.1 மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது, இரண்டு 0.2 மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தன. உள்ளே போனதற்குக் காரணம் புரிகிறது, மூக்கு ஏறுபாதையில் இடித்திருக்கும். வெளியே வருவது எப்படி? பஸ் டிரைவர் பிரேக் போட்டால் நாம் முன்னால் போகிறோமே, அதேதான். போல்ட் வேகமாகப் போய் அறைக்குள் நிற்கிறது, கேஸ் நின்றுவிடும், புல்லட் நிற்க மனசில்லாமல் முன்னால் நகர்கிறது. கழுத்துப் பிடிப்பு போதவில்லை என்று அர்த்தம்.

என் டையில் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் உருண்டை கொஞ்சம் பெரியது. அதை எமரி பேப்பரில் தேய்த்து, கழுத்தின் உள்ளளவு புல்லட்டைவிட 0.07 மில்லிமீட்டர் குறுகலாக வரும்படி செய்தேன். 0.05க்கும் 0.08க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் போதும். மறுபடி ஏற்றி எடுத்துப் பார்த்தால் நகர்வு 0.03க்குள். வேகம் அளக்கும் கிரோனோகிராஃபிலும் தெரிந்தது, முன்பு அதிகபட்ச வேகத்துக்கும் குறைந்தபட்ச வேகத்துக்கும் நொடிக்கு 28 மீட்டர் வித்தியாசம், இப்போது 17.

உள்ளே தள்ளப்பட்ட தோட்டாவைச் சுடாதீர்கள். புல்லட் உள்ளே போனால் கேஸின் கொள்ளளவு குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது.

13 மார்ச்

"கிரிம்ப் போட்டுக்கொள்ளலாமே" என்கிறார்கள், அதாவது கேஸின் வாயைப் புல்லட்மேல் நெரித்துவிடுவது. போடலாம், பள்ளம் உள்ள புல்லட்டுக்கு. நான் போடுவதில்லை. கேஸ் நீளம் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால் கிரிம்ப்பும் வேறாக விழும். முதலில் எல்லாக் கேஸையும் 44.45 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள், 44.70ஐத் தாண்டவிடாதீர்கள்.

25 மார்ச்

கேஸ் கழுவுவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார், அது இழையை வேறு பக்கம் இழுத்துவிட்டது, இழுக்கட்டும்.

நான் சிவகாசிக்காரன். 2006இல் பிரிண்டிங் மெஷின் மெக்கானிக்காக டர்பனுக்கு வந்தேன். பித்தளை என்றால் புளி என்பது எங்கள் வீட்டு வேதம். குத்துவிளக்கு, குடம் எல்லாம் பழம்புளியில் தேய்த்துத்தான் பளபளக்கும். இருநூறு கேஸைப் புளிக்கரைசலில் ஊறப்போட்டேன். வெளியே தங்கம். உள்ளே நார். புளிக்கோது ஒவ்வொரு கேஸின் கழுத்திலும் சிக்கி, ஒவ்வொன்றையும் பல்குச்சியால் குத்தி எடுத்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. வீட்டம்மா பார்த்துவிட்டு, "ரசம் எப்போது?" என்று மட்டும் கேட்டாள். இப்போது எலுமிச்சை உப்பு, வெந்நீர், பத்து நிமிடம், நன்றாக அலசல், வெயில்.

அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டாம். பித்தளைக்கு அது விஷம், கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். பிரிட்டிஷ் படை இந்தியாவில் இருந்த காலத்தில் மழை மாதங்களில் லாயத்தில் வைத்த தோட்டாக்களின் கேஸ்கள் தானாகவே வெடிப்பு விட்டன, குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம். அதற்கு 'பருவ விரிசல்' என்றே பெயர் வந்துவிட்டது.

9 ஏப்ரல்

எலக்ட்ரானிக் தராசு போதும், பழைய கைத்தராசு எதற்கு என்று போன வருஷம் இங்கேயே எழுதியிருந்தேன். வாபஸ் வாங்குகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை லோட் ஷெடிங், முறை வைத்து மின்வெட்டு. இன்வெர்ட்டரில் விளக்கும் தராசும் ஓடிக்கொண்டிருந்தன, நான் மருந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனபோது தராசு ஒரு கண் சிமிட்டியது, அவ்வளவுதான். தொடர்ந்து நிறுத்தேன். முப்பது கேஸ் முடிந்தபின், ஏதோ பழக்கத்தில் சரிபார்க்கும் எடைக்கல்லை வைத்தேன். 0.3 கிரெய்ன் அதிகம் காட்டியது. ஒரு கிரெய்ன் 0.065 கிராம், அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, உப்புக்கல் அளவு. ஆனால் .223இல் மொத்தமே இருபத்து சொச்சம் கிரெய்ன்தான், அதில் இது ஒரு சதவீதத்துக்குமேல். எப்போது நகர்ந்தது என்று தெரியாததால் முப்பதையும் திரும்ப டப்பாவில் கொட்டினேன்.

இது குறைவாகப் போட்ட கதை, அதனால் சிரிக்கிறேன். மறுபக்கம் நகர்ந்திருந்தால்?

அப்பா பட்டாசு ஆலையில் மருந்து அறைக்காரர். ஒரு அறைக்கு நாலு பேருக்குமேல் கிடையாது, நைலான் சட்டை கிடையாது, பேச்சு கிடையாது. நம் மருந்து அவர் மருந்து மாதிரி உராய்வில் பற்றும் ஜாதி இல்லை, நைட்ரோ செல்லுலோஸ், திறந்த வெளியில் எரியத்தான் செய்யும். இருந்தாலும் அவர் சொன்னது ஒன்று என் பெஞ்சில் இருக்கிறது: மேஜையில் ஒரு மருந்துதான் திறந்திருக்க வேண்டும். இரண்டு டப்பா திறந்திருந்தால் ஒருநாள் கை தவறும். இப்போது கைத்தராசு வாங்கிவிட்டேன், எலக்ட்ரானிக் பக்கத்தில் இருக்கிறது, பத்துக்கு ஒன்று இரண்டிலும்.

10 ஏப்ரல்

டர்பன் ஈரம் பற்றிச் சொல்ல மறந்தேன். பிப்ரவரியில் மருந்தை ஹாப்பரில் (அளந்து விடும் கருவியின் கொள்கலத்தில்) ஒரு வாரம் விட்டுவைத்தால் அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும், மெதுவாக எரியும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் குளிர்கால வறட்சியில் நேர்மாறு, உலர்ந்து வேகமாகும். அதனால் ஜோகன்னஸ்பர்க் நண்பரின் ரெசிபி இங்கே அப்படியே ஓடாது. வேலை முடிந்ததும் டப்பாவில் கொட்டி மூடுங்கள்.

14 மே

தம்பி மருந்தைக் கூட்டிக்கொண்டே போய், "கேஸ் இன்னும் தூரமாகப் பறக்கிறது அண்ணே, நல்ல அறிகுறிதானே?" என்று கேட்கிறான். நில்லு தம்பி!

கேஸ் எங்கே விழுகிறது என்பது அழுத்தமானி இல்லை. குழாய் முன்பக்கம் பார்த்தால், வலப்பக்கமும் அதற்குக் கொஞ்சம் பின்னும் விழுவது சுகமான ஓட்டம், முன்னால் பறந்தால் போல்ட்டை ஓட்டும் வாயு அதிகம் போகிறது. ஆனால் அதை வைத்து மருந்தின் அளவைத் தீர்மானிக்காதே. கேஸ் அடியில், அதை வெளியே தள்ளும் எஜெக்டர் துளையின் பளபளப்பான வட்டம் பதிந்திருக்கிறதா? பிரைமரின் ஓரம் தட்டையாகிவிட்டதா? விளிம்பு வளைந்திருக்கிறதா? இருந்தால் ஏற்கெனவே தாண்டிவிட்டாய். செமி ஆட்டோ கேஸை அதட்டி இழுப்பதால் விளிம்புக் கீறல் தனியாகவும் வரும், அதனால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டாதே.

மருந்து உற்பத்தியாளரின் அட்டவணையில் தொடக்க அளவு இருக்கும், அங்கிருந்து ஏறு. என்னிடம் எத்தனை கிரெய்ன் என்று மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், சொல்ல மாட்டேன். என் அறை வேறு, என் கேஸ் வேறு. ராணுவக் கேஸ் சிலது சுவர் தடித்து உள்ளிடம் குறைவு, அதே அளவு மருந்து அங்கே அதிக அழுத்தம் தரும். ரேஞ்சில் பொறுக்கியதைக் கலக்காதீர்கள், அடியில் பொறித்த எழுத்தைப் பார்த்துப் பிரித்து வையுங்கள்.

மிகக் குறைவாகப் போட்டாலும் தொல்லை. போல்ட் முழுதாகப் பின்னால் போகாது, அடுத்த தோட்டாவை எடுக்காது. இரண்டாம் உலகப் போர்க் கால எம்1 கேரண்ட் செமி ஆட்டோ ரைபிள் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், அவர்கள் மருந்தின் வேகத்தைப் பற்றியே ராத்திரி முழுதும் பேசுவார்கள். மெதுவாக எரியும் மருந்து குழாய்த்துளையில் அழுத்தத்தைக் கூட்டி, போல்ட்டை ஓட்டும் தண்டையே வளைத்துவிடும்.

18 ஜூன்

இப்போது பத்து குண்டில் 36 வருகிறது. கழுத்து, தராசு, கேஸ் பிரிப்பு என்று இவ்வளவு மெனக்கெட்டு 41இலிருந்து 36. ஐந்து மில்லிமீட்டர். அதுவும் ஒரே ஒரு பத்தை வைத்துச் சொல்கிறேன், பிப்ரவரியில் நான் திட்டிய அதே தப்பு. அடுத்த மாதம் மூன்று பத்து சுடுகிறேன்.

தம்பி 34 என்கிறான். என்னைத் தாண்டிவிட்டான்.

23 ஜூலை

மூன்று பத்து: 38, 35, 40.

ரேஞ்சில் எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பெரியவர் இருக்கிறார், டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "கடையில் விற்கும் மேட்ச் தோட்டாவை இதில் சுட்டாயா?" என்றார். சுடவில்லை. ஐந்து மாதமாக அது தோன்றவே இல்லை. விலை கொடுத்து ஒரு பெட்டி வாங்கி, பத்து சுட்டேன். 39.

சரி, அப்படியானால் தோட்டாவில் குறை இல்லை, துப்பாக்கிதான் அவ்வளவு என்று நினைத்தேன். பேரல் மாற்றலாமா என்றுகூட. ஆமாம், முதல் நாள் தம்பியிடம் சொன்னதை மறந்து.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நிற்க, என் துப்பாக்கி, என் தோட்டா, பெஞ்சில் உட்கார்ந்து பத்து சுட்டார். ஒவ்வொரு குண்டுக்கும் டிரிகரை அழுத்தி, போல்ட் ஓடி முடிந்து, அடுத்த தோட்டா ஏறி, துப்பாக்கி அடங்கும்வரை விரலைப் பின்னாலேயே பிடித்திருந்தார். அப்புறம்தான் மெதுவாக விட்டார், அந்த 'க்ளிக்' எனக்கே கேட்டது. நான் வெடித்த மறுகணம் விரலைத் தட்டி எடுக்கிறவன். என் மாகஸினின் அடி மேஜையில் முட்டிக்கொண்டிருந்ததையும் அவர்தான் காட்டினார்.

அவருக்கு 27.

24 ஜூலை

தம்பி சிரிக்கிறான், சிரிக்கட்டும். "அப்போ புளியில் ஊறவைத்தது வீண்தானே அண்ணே?" என்கிறான்.

இந்த வாரம் பிரஸ் பக்கம் போகவில்லை. இருபது ரவுண்ட் மாகஸினுக்குப் பதில் பத்து ரவுண்ட் குட்டை மாகஸின் ஒன்று வாங்கினேன், மேஜையில் முட்டாது. தினம் ராத்திரி தோட்டா எல்லாம் வேறு அறையில் பூட்டியபின், துப்பாக்கியின் அறை காலிதானா என்று இரண்டு தடவை பார்த்து, செங்கல் சுவரைப் பார்த்து நூறு தடவை வெறும் டிரிகர். வீட்டம்மா எண்ணிக்கை வைக்கிறாள், விரலைச் சீக்கிரம் எடுத்தால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நேற்று நூறில் 61.